பொடதியத் தட்டி எறக்கின கல்லு

ரோட்டுக்குத் தாரும் இல்லாம, வீட்டுக்குக் கரண்டும் இல்லாம, ஊருக்குன்னு மனுசச் சத்தம் மட்டுமே இருந்த காலத்துல, மருதன்விளாகத்துல கொம்பையான்னு ஒருத்தன் இருந்தானாம். அவனுக்கு நெலம் இல்ல, மாடு இல்ல. வாய் இருந்துச்சு. ஒரு வாய் இல்ல மக்கா. ஊர்ல எத்தனை வாய் உண்டோ அத்தனையும் அவன்கிட்ட இருந்துச்சாம்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு, மாமனார் கொரல்ல "ஏட்டி, தண்ணி கொண்டா"ம்பான். பொண்டாட்டி பதறிக்கிட்டு செம்போட ஓடி வருவா. பாத்தா இவன் நிப்பான். கூப்புட்டது அப்பன் கொரல், பல்லைக் காட்டுதது புருசன். அவ என்ன செய்வா? செம்ப அவன் தலையில கவுத்துட்டுப் போவா. ஊரே சிரிக்கும். கொம்பையாவும் தல சொட்டச் சொட்டச் சிரிப்பானாம்.

அந்த ஊர்க் கொளத்து மடைக்குப் பனந்தடிதான் போட்டிருந்தாவளாம். ரெண்டு மழைக்கு ஒருக்க உளுத்து ஒடையும். ஒடைஞ்சா தண்ணி போச்சு, நெல்லு போச்சு. கல்லே போட்டுருவோம்னு, பாறைப் பொத்தையில போயி ஒரு பலகைக்கல்லு ஒடைச்சாவ. ஆள் நீளம், அரை ஆள் அகலம். வடக்கயித்துல கட்டி, கம்புல கோத்து, எட்டுப் பேரு தூக்கினாவ. கொம்பையாவுக்குத் தோள் பத்தாதுன்னு தண்ணிக் கலயத்தக் குடுத்துப் பின்னால வரச்சொன்னாவ.

கல்லு தூக்குதவனுக்குக் கண்ணு கால்ல இருக்கணும், காது மேஸ்திரிகிட்ட இருக்கணும். நிமிந்து பாக்கவே கூடாது. மேஸ்திரி யாரு? உலகப்ப மேஸ்திரி. அவரு சொல்லு சொல்லுதது எப்படி? மொதல்ல ஒரு கனைப்பு. க்கும். பெறவு, எறக்கு. அம்புட்டுதான். க்கும். எறக்கு. எட்டுத் தோளும் ஒரே மூச்சுல வளையும். ஒருத்தன் முந்துனாலும் ஆபத்து, ஒருத்தன் பிந்துனாலும் ஆபத்து.

கள்ளிமேடு ஏறும்போது உச்சி வெயிலு. எட்டுப் பேருக்கும் நாக்கு தள்ளிட்டு. மேஸ்திரி முன்னால நடந்து, "குழி, குழி, இடது கை பாத்து"ன்னு சொல்லிக்கிட்டே போறாரு. எறக்கவே மாட்டேங்காரு. பின்னால வந்த கொம்பையாவுக்கு நாக்கு அரிச்சுச்சாம். மேஸ்திரி கொரல்ல ஒரு சொல்லு சொன்னா என்ன? பயலுவ எறக்கிருவானுவ. மனுசன் திரும்பிப் பாத்து முழிப்பாரு. எட்டுப் பேரும் செத்த உக்காருவானுவ. கெடுதல்னு ஒரு கடுகளவு அவன் மனசுல இல்ல. பெறவு அவனத் தூங்கவிடாம அடிச்சதே அதுதான்.

க்கும். எறக்கு.

ஏழு பேரு வளஞ்சான். ஒருத்தன் வளையல. முன்னால இடது கைப்பக்கம் நின்ன மாசானம். கொம்பையாவுக்கு மச்சான் முற. மொத்தக் கனமும் சாஞ்சு வந்து, கம்பு அவன் பின்கழுத்துப் பொடதியில எறங்குச்சு. நறுக்குன்னு ஒரு சத்தம். கல்லு ஒரு பக்கம், மாசானம் ஒரு பக்கம்.

"நான் சொல்லலியேடே"ன்னு மேஸ்திரி ஓடி வந்தாராம்.

"உம்ம கொரல்தான் மாமா"ன்னான் ஒருத்தன்.

"கனைச்சீரே, நான் கேட்டேன்"ன்னான் இன்னொருத்தன்.

"வெயில் மண்டையில அடிச்சிருக்கும், ஒமக்கே தெரிஞ்சிருக்காது"ன்னான் மூணாமத்தவன்.

ஏழு பேரு ஒண்ணுபோலச் சொன்னா மனுசன் என்ன செய்வாரு? மத்தியானம் நான் சொல்லலன்னாரு. சாயங்காலம் சொன்னேனோன்னாரு. மறுநா விடிய, நாந்தான் சொன்னேன்னு தலையில கை வச்சிட்டாராம். கொம்பையா கலயத்தப் புடிச்சிக்கிட்டு நின்னான். அன்னைக்கு மட்டும் அவன் வாயில அவன் கொரல்கூட வரல.

மாசானத்துக்கு மூங்கில் பத்தைய வச்சுக் கட்டினாவ. எலும்பு கூடுச்சு. வலி கூடவே தங்கிட்டு. யாராச்சும் கூப்புட்டா கழுத்து திரும்பாது, வண்டி திருப்புத மாதிரி ஆளே திரும்பணும். தும்மல் வந்தா செவுத்தப் புடிச்சுக்கிடணும். மழ இருட்டுனா கழுத்துல தொடங்கி முதுகு வழியா இடுப்பு மட்டும் குத்தும். படுக்க முடியாம, தூண்ல சாஞ்சே தூங்குவான். தென்ன மரத்துல காய் இருக்கான்னு பாக்கணும்னா பொண்டாட்டி பூமாரியத்தான் கேக்கணும்.

கொம்பையா என்ன செஞ்சான்? தெனமும் பொழுது சாய வேப்பெண்ணெயும் நொச்சியெலையும் கொண்டாந்துருவான். தேய்ப்பான், ஒத்தடம் குடுப்பான். ஒரு நாள் இல்ல, ஒரு வருசம் இல்ல, பதினோரு வருசம். ஊரு சொல்லுச்சாம், "பெத்த புள்ளகூட இப்படிப் பாக்காது". அதக் கேக்கும்போதெல்லாம் கொம்பையாவுக்குச் சோறு எறங்காது. யாரு கொரல்லயும் பேசுததையும் விட்டுட்டான்.

கல்லு கள்ளிமேட்டுலயே கெடந்துச்சு. தொடுததுக்கு யாருக்கும் மனசு வரல. மேஸ்திரியும் சொல்லு சொல்லுத வேலைய விட்டுட்டாரு. சொந்த மாட்டக்கூடச் சத்தங் குடுத்து ஓட்டமாட்டாராம். "இந்த நாக்க நம்பக்கூடாதுடே"ம்பாராம்.

வருசா வருசம், கல்லு விழுந்த அந்த நாள்ல, ஒரு பூசணிக்காயத் தூக்கிக்கிட்டு மாசானம் வீட்டுக்கு வருவாரு. பதினோராவது வருசமும் வந்தாரு. கொம்பையா மாசானத்துக்கு எண்ணெய் போட்டுக்கிட்டிருக்கான். பெரியவரு பூசணிக்காயக் கீழ வச்சாரு. அப்படியே குனிஞ்சு மாசானம் காலத் தொட்டுட்டாரு. எழுவது வயசு மனுசன்.

"மாமா, எந்திரியும்"ங்கான் மாசானம். குனிஞ்சு தூக்க முடியலயே அவனுக்கு.

"என் நாக்கு செஞ்ச பாவம்லே. அடுத்த வருசம் வர உசுரு இருக்குமோ இருக்காதோ. மன்னிச்சேன்னு ஒரு சொல்லு சொல்லிரு."

கொம்பையா கை, எண்ணெயோட, மாசானம் கழுத்துலயே நின்னுபோச்சாம்.

"மாமா, அது உம்ம நாக்கு இல்ல. என் நாக்கு"ன்னான்.

"போலே. கெழவன்னு ஆறுதல் சொல்லுதியோ? என் கொரல் எனக்குத் தெரியாதா? பதினோரு வருசமா காதுக்குள்ளயேல்லா கேட்டுக்கிட்டு கெடக்கு."

"அவன் சொல்லுதது நெசம் மாமா"ன்னான் மாசானம். திரும்பல. திரும்ப முடியாதே. செவுத்தப் பாத்தே சொன்னானாம். "நான் அன்னைக்கு நிமிந்துட்டேன். நீரு குழியக் காட்ட எங்க பக்கம் திரும்பியிருந்தீரு, உம்ம ஒதடு அசையல. அதான் நான் வளையல."

கொம்பையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "அப்பம் ஒனக்குத் தெரியுமா?"

"பின்ன, அந்தக் கொரல் வேற யாருக்குடே வரும்?"

"ஏன் மச்சான் சொல்லல?"

"மொதல்ல, நீயா சொல்லட்டும்னு இருந்தேன். பெறவு, சொல்லிட்டா நீ வராம இருந்துருவியோன்னு இருந்தேன். ஒன் கை படுத அந்தச் செத்த நேரந்தான் எனக்கு வலி அடங்குது."

உள்ள இருந்த பூமாரி கரண்டியோட வந்துட்டா. "நல்லாருக்கு ஒங்க நாயம். ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டேன்னான், ஒருத்தன் எண்ணெய விடமாட்டேன்னான். நடுவுல இந்தப் பெரிய மனுசன் வருசா வருசம் கால்ல விழுதாரு. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீய."

ரெண்டு பேருக்கும் தல நிமிரல. மாசானத்துக்குக் கழுத்து, கொம்பையாவுக்கு வெக்கம்.

"எங்க, சொல்லு பாப்போம்"ன்னாரு மேஸ்திரி.

"வேண்டாம் மாமா."

"சொல்லுலே."

கொம்பையா கண்ண மூடிக்கிட்டான்.

க்கும். எறக்கு.

மாசானம் தோளு அதுவா ஒருக்க விறைச்சு அடங்குச்சாம். மேஸ்திரி அப்படியே இருந்தாரு. "நான் சொல்லல"ன்னாரு. பூமாரியப் பாத்து, "நான் சொல்லலம்மா"ன்னாரு. பெறவு பூசணிக்காயப் பாத்துக்கூடச் சொன்னாராம், "நான் சொல்லலடே"ன்னு. சொல்லிட்டு அழுதாராம். அழுது முடிச்சு, எந்திரிச்சு, கொம்பையா பொடதியில ஒண்ணு வச்சாரு பாருங்க. கொம்பையாவக் கேட்டா அடிம்பான். மேஸ்திரியக் கேட்டா, தட்டுனேன்ம்பாரு.

மறுநா கொம்பையா ஏழு பேரு வீட்டுக்கும் போயி, வாசல்ல நின்னு, சொந்தக் கொரல்ல சொன்னான். ரெண்டு வீட்டுல கதவச் சாத்தினாவ. ஒரு வீட்டுல வெளக்குமாறு வந்துச்சு. வாங்கிக்கிட்டான்.

அதுக்குப் பெறவுதான் கள்ளிமேட்டுக் கல்லு எந்திரிச்சுச்சு. மாசானம் நின்ன எடத்துல, இடது கைப்பக்கம், பத்தாத தோளோட கொம்பையா நின்னான். மடைகிட்ட வந்ததும் மேஸ்திரி வாயத் தொறக்கல. ஒவ்வொருத்தன்கிட்டயும் போயி பொடதியத் தட்டினாரு. எட்டுத் தட்டு. பெறவு கம்புல ரெண்டு கையும் வச்சு அமுக்கினாரு. எட்டுத் தோளும் ஒண்ணா வளஞ்சுச்சு. "என் வாய் எவனுக்குன்னாலும் வரும்டே, என் கை எனக்கு மட்டுந்தான் இருக்கு"ன்னாராம். அந்தக் கல்லுதான் இன்னைக்கும் மாசானம் மடை.

வலி போச்சான்னு கேக்காதீங்க. போகல. மறுநாளும் கொம்பையா எண்ணெயோடதான் போனான். கூச்சத்தோட நின்னவன்கிட்ட மாசானம் சொன்னானாம், "வந்து தேய்டே. சும்மா தேய்க்காத, ஒன் மாமனார் கொரல்ல ரெண்டு வார்த்த பேசிக்கிட்டே தேய்."

சாவுல கொம்பையாதான் முந்திக்கிட்டான். பாடையத் தூக்கிட்டுப் போனவன் நாலு பேரு. மடைகிட்ட எறக்கணும். மேஸ்திரியும் அப்போ இல்ல. எல்லாரும் முழிக்கான். கோணல் கழுத்தோட மாசானம் ஆளையே திருப்பித் திருப்பி, நாலு பேரு பொடதியையும் தட்டினான். தட்டிட்டு, பாடையில கெடந்த கொம்பையாவ ஒரு தட்டுத் தட்டினானாம். எண்ணெய்க் கையி, மெதுவா. பெறவுதான் எறக்கச் சொன்னான்.

அன்னையிலேருந்து மருதன்விளாகத்துல எதத் தூக்குனாலும் தட்டாம எறக்கமாட்டாவ. தூக்குனவனத் தட்டி, கடைசித் தட்டு சுமைக்கு. போன மாசம் மேலத் தெருவுக்குப் புது ஃபிரிட்ஜு வந்துச்சு. எறக்குததுக்கு முன்னால பயலுவ அதத் தட்டுததப் பாத்துட்டு, கடைக்காரரு கேட்டாராம், "உள்ள யாரும் இருக்காவளா?"

இருந்தா, கனைச்சிருப்பான்.