நிரலின் முதல் வரியை நீக்கியது தொடர்பாக

எனக்கு வயது நாற்பத்து மூன்று. தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்தில், இரண்டாம் மாடியில் மனைவியுடன் வசிக்கிறேன். தடுப்பூசிக் கிடங்கில் கணினி நிரல் எழுதுவது என் வேலை. வரியை அழித்தவரின் பெயரைக் கணினி குறித்து வைத்திருப்பதைக் காவல் ஆய்வாளர் காட்டிய பின் இதைக் கூறுகிறேன். சென்ற மாதம் மூன்றாம் தேதி காலை பதினொன்று பத்துக்கு, தீர யோசித்து, யாருடைய தூண்டுதலும் இன்றி, நிரலின் முதல் வரியை அழிப்பது என்று முடிவு செய்தேன்.

அந்த வரியைக் கொண்டுவந்தவர் என் சகலை. மனைவியின் தங்கை கணவர். என்னைவிட ஏழு வயது இளையவர். எங்கள் பிரிவின் தலைவர். நிரலில் வரும் ஒவ்வொரு பெயரையும் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும், பதியாத பெயர் வந்தால் கணினி ஓடாமல் நிற்க வேண்டும் என்பது அந்த வரியின் கட்டளை. அது இல்லாவிட்டால், ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டினாலும் கணினி அதைப் புதுப் பெயராக ஏற்று, மதிப்பு பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு ஓடும். "கூப்பிடாம வர்றவன உள்ள விடக் கூடாதுண்ணே, அவ்ளோதான்" என்று சகலை எனக்கு விளக்கினார். இதற்காக நிர்வாகம் அவருக்குச் சுவர்க்கடிகாரம் பரிசளித்தது. மாமியார் எங்கள் கல்யாணப் படத்தை இறக்கிவிட்டு அதை மாட்டினார். "ஆணி ஒண்ணுதான மாப்ள இருக்கு" என்றார்.

அதன் பிறகு வரியை அழித்தேன். சகலை தட்டச்சில் தடுமாறுவார், பெயர் கெடும் என்று காத்திருந்தேன். ஒன்பது நாட்கள் அவர் தடுமாறவில்லை. அதன் பிறகு, குளிர் அறையில் சூடு ஏறினால் அடிக்கும் எச்சரிக்கை மணிக்கான பகுதியை நான் திருத்தியபோது வெப்பநிலைக்கு உரிய பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன், கணினி நிற்கவில்லை, அறையின் வெப்பநிலை எப்போதும் பூஜ்யம் என்று கொண்டது, அதன் பிறகு குளிர்சாதனம் பழுதாகி அறை இருபத்தாறு டிகிரியைத் தொட்டும் மணி அடிக்கவில்லை, நாலாயிரம் தடுப்பூசிகள் கெட்டன.

நிர்வாகம் விசாரித்தபோது நான் வாய் திறக்கவில்லை. "அண்ணன் மேல தப்பில்ல சார், நான்தான் பார்த்திருக்கணும்" என்றார் சகலை. அதிலும் அவர் என்னை முந்திக்கொண்டார். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். வீட்டில் என் மனைவி, "என்னங்க, தங்கச்சி அங்க அழுவுறா, நீங்க சீட்டியடிக்கிறீங்க?" என்று கேட்டாள். சீட்டியடித்ததை நான் அறியவில்லை.

அதன் பிறகு தலைவர் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. பொறுப்பேற்றதும் முதல் வேலையாக அந்த வரியைத் திரும்ப எழுதினேன். பதியாத பெயர்கள் பதினேழு என்று கணினி காட்டியது. பதினேழும் நான் தட்டியவை. சகலை எழுதிய பகுதிகளில் ஒன்றும் இல்லை.

எழுத்தர் வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. கூட்டவோ குறைக்கவோ ஏதுமில்லை.

(ஒப்பம்)