மெசின் எண்டு நினைச்சுக் கட் பண்ணின கோல்

கிண்ணியா பஸ் வெளிக்கிட இன்னும் நேரம் இருந்தது. எனக்கு முன் சீற்றில் இருந்த இரண்டு பெண்களும் முந்தித் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒன்றாக வேலை செய்தவர்கள் என்பது அவர்கள் கதையில் விளங்கியது. கனகாலத்துக்குப் பிறகு சந்தித்திருக்கிறார்கள்.

முக்காடு போட்ட இளையவர் சொன்னார்: "நீங்க கோல் எடுக்கக்குள்ள நான் உங்கள மெசின் எண்டு நினைச்சுத்தான் கட் பண்ணின, சரோஜா அக்கா."

"ரெண்டு தரம் கட் பண்ணினீர், ஜெசீமா. என்னோட கதைக்க விருப்பமில்லையாக்கும் எண்டு சரியான கவலையாப் போச்சு."

"அல்லாவே! 'வணக்கம், தயவுசெய்து தொடர்பில் இருங்கள்' எண்டா வேற என்ன நினைக்கிற? இப்ப கம்பியூட்டர்தானே அப்பிடிக் கதைக்குது."

"பகிடிக்குச் சொன்னனான். நாள் முழுக்க நாங்கள் சொன்ன வசனமெல்லோ. என்ர குரலைப் பிடிப்பீர் எண்டு நினைச்சன்."

"குரல் அப்பிடியே இருக்கு. ஒரு பிசிறு இல்ல. அதாலதான் ஏமாந்த."

"பிறகு மூண்டாந்தரம் எப்பிடிப் பிடிச்சனீர்?"

"மூண்டாந்தரம் நீங்க அந்த வசனத்தச் சொல்லல்லயே. 'ஜெசீமா, காது நோகுதோ?' எண்டு கேட்டீங்க. வேலை முடிஞ்சு நான் ஹெட்செட்டக் கழட்டக்குள்ள ஒவ்வொரு நாளும் கேக்கிற மாதிரி."

"ஓம், கேக்கிறனான்."

"வேலைய விட்ட பிறகு என்ட காதப் பத்தி ஒருத்தரும் கேக்கல்ல, அக்கா."

சரோஜா அக்கா முக்காட்டுக்கு மேலால் கையை வைத்து மற்றவரின் காதை மெதுவாகத் தடவினார்.