வியாழக்கிழமை பட்டாணி சூப்பு

ஹில்க்கா: ...அதெல்லாம் இருக்கட்டும் மேனேஜரம்மா. இந்தச் சீட்டு உன் கையெழுத்துதானே? "வியாழக்கிழமை பட்டாணி சூப்பில் பன்றிக்கறி வேண்டாம்."

மிர்வா: ஆமா. இதுக்கா கேன்டீன் அடுப்பை விட்டுட்டு என் ரூம் வரைக்கும் வந்தீங்க?

ஹில்க்கா: முப்பது வருஷமா நான் இங்க சமைக்கறேன். வியாழன்னா பட்டாணி சூப்பு, அதுல பன்றிக்கறி, அப்புறம் பான்கேக். ஃபின்லாந்து முழுக்க அதேதான். திடீர்னு கறி வேணாம்னா என்ன அர்த்தம்?

மிர்வா: உடம்புக்கு நல்லதுன்னு...

ஹில்க்கா: கதை விடாதே. அதைச் சாப்பிடாத விருந்தாளி வர்றாங்கன்னு அர்த்தம். துருக்கிக்காரங்க. நம்ம கப்பல் கதவைப் பாக்க.

மிர்வா: ...அந்தக் கதவைச் சாத்துங்க.

ஹில்க்கா: இப்போ சாத்தி? என் கேன்டீன்ல உன் ஆளுங்களும் சாப்பிடறாங்க, எதிர் ஷெட்டு ஓஸ்மோவோட ஆளுங்களும் சாப்பிடறாங்க. அவனும் கப்பல் கதவுதான் செய்யறான். சூப்பு மாறினா அவன் மூக்குக்குத் தெரியாதா?

மிர்வா: வேற என்ன தெரியும் உங்களுக்கு?

ஹில்க்கா: வாசல்ல மூணு கார் நிறுத்தற இடத்துக்குக் கயிறு கட்டியாச்சு. கம்பெனி சவுனா, அந்த நீராவிக் குளியல் ரூம், வியாழன் சாயங்காலம் உன் பேர்ல இருக்கு, பீர் வேணாம்னு பக்கத்துல எழுதியிருக்கு. பீர் இல்லாத சவுனா... இந்த ஊர்ல எவன் நம்புவான்?

மிர்வா: சிரிக்க வைக்காதீங்க.

ஹில்க்கா: சிரிக்கிற விஷயமா? போன மாசம் எல்லாரையும் உக்கார வெச்சு பாடம் நடத்தினியே. எதிராளி கண்ணால நம்மளைப் பாருங்க, அவன் பீரோவை உடைக்க மாட்டான், நம்ம பழக்கத்துலேந்தே எடுத்துக்குவான்னு... அது எங்களுக்கு மட்டுந்தானா?

மிர்வா: இந்த ஆர்டர் போச்சுன்னா கோடை முடியறதுக்குள்ள அறுபது பேரை வீட்டுக்கு அனுப்பணும், ஹில்க்கா. அதை நான் விட மாட்டேன். ஓஸ்மோ உங்ககிட்ட ஏதாவது கேட்டாரா?

ஹில்க்கா: நேத்து மத்தியானம். காபி வாங்க வந்தவன், "வியாழன் சூப்புல கறி இல்லையாமே, யாரு வர்றாங்க?"ன்னான்.

மிர்வா: நீங்க?

ஹில்க்கா: வியாழக்கிழமை பெரிய ஆளுங்க வர்றாங்கன்னு சொல்லிட்டேன்.

மிர்வா: சொல்லிட்டீங்களா...

ஹில்க்கா: வெளியூர்ப் பயணத்தைக்கூட தள்ளிப் போட்டுட்டான். நாளைக்குக் காலையிலேந்து வாசல்லயே நிப்பான். ஏன், என்னைத் திட்ட மாட்டியா?

மிர்வா: இருங்க, போன்... ம். ம். ரெண்டு தரப்பும் போட்டாச்சா? நல்லது... ஹில்க்கா, உக்காருங்க.

ஹில்க்கா: நின்னுக்கிட்டே கேக்கறேன்.

மிர்வா: நாளைக்கு யாரும் வரப்போறதில்ல. சீட்டு, கயிறு, பீர் இல்லாத சவுனா... எல்லாம் ஓஸ்மோ கண்ணுல படட்டும்னு வெச்சது. துருக்கிக்காரங்க நேத்தே வந்துட்டுப் போயிட்டாங்க. இப்போ ஹெல்சிங்கியில கையெழுத்து ஆயிடுச்சு.

ஹில்க்கா: அப்போ என்னையும் சந்தேகப்பட்டே.

மிர்வா: உங்களை இல்ல, உங்க சூப்பைத்தான். உங்ககிட்ட மறைச்சது எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. நேத்து மீன் சூப்பு, அதனால பயமில்ல. மூணு பேருக்கும் வெல்டர் ஓவர்ஆலை மாட்டி, உங்க வரிசையிலயே நிக்க வெச்சேன். ஒருத்தரு ரெண்டு தட்டு வாங்கினாரு. நீங்ககூட கண்டுபிடிக்கல—

ஹில்க்கா: அந்த ஓவர்ஆல்ல ஒரு கறை இல்ல, இஸ்திரி மடிப்புகூட கலையல. இதுல பன்றிக் கொழுப்பு இருக்கான்னு அந்த மீசைக்காரரு வேற கேட்டாரு. அடுத்த தடவை பழைய உடுப்பா பாத்துக் கொடு. ஓஸ்மோ காபிக்கு நின்னப்போ, அவன் முதுகுக்குப் பின்னாலதான் மூணு பேரும் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. அவன் திரும்பிடக் கூடாதேன்னுதான் வியாழக்கிழமைன்னு சொன்னேன்.