கோடி உயிருக்கு ஒரு வால்வு

நிற்காத ரத்தத்தை நிறுத்துவதற்கு எங்களிடம் விலை உண்டு, ஐயா. சுண்டுவிரல் உயரக் குப்பி ஒன்று, ஒரு பழைய மோட்டார் சைக்கிள் விலை. பேரம் கிடையாது. ஜவுளி வியாபாரியான என் அப்பா இருந்திருந்தால் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இரண்டு வாங்கினால் ஒன்று இனாமா என்று கேட்டிருப்பார்.

அந்த மருந்தைச் செய்வது உயிரணுக்கள். ரத்தத்தை உறைய வைக்கும் புரதத்துக்கான மரபணுவை அவற்றுக்குள் சேர்த்து, எஃகுத் தொட்டியில் வளர்க்கிறோம். சூடு, காற்று, சர்க்கரை பார்த்துக்கொள்வது என் வேலை. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மகன் போனை எடுப்பதில்லை. தொட்டிக்குள் இருப்பவை அப்படியில்லை. பசித்தால் சர்க்கரை அளவு காட்டும் முள் இறங்கும், நான் ஊட்டுவேன், முள் ஏறும்.

அறுபதாம் நாள் வால்வைத் திறந்து நீராவி விட்டு அத்தனையையும் கொன்றுவிட வேண்டும். வயதான அணுக்கள் புரதத்தைக் கோணலாகச் செய்யும் என்பதால் விதி. பத்து வருடம் திறந்தேன். இந்த முறை கை வரவில்லை. கொன்றுவிட்டுப் புதிதாகத் தொடங்கியதாக எழுதினேன். சோதனைக்கு, முன்பே எடுத்து உறைய வைத்திருந்த மாதிரிகளை அனுப்பினேன்.

சோதனைக்கூடத்துப் பெண் சிரித்தாள். "என்னண்ணே, புதுசும் பழசும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு?"

"ஒரே கை வளர்ப்பும்மா."

அவள் தம்பிக்குப் பிறவியிலேயே ரத்தம் உறையாது. எங்கள் மருந்தில்தான் ஓட்டம். மூன்றாம் வாரம் கண் வீங்க வந்தாள். தம்பிக்குப் பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்கவில்லையாம். "ரெண்டு ஊசி போட்டாச்சு. உடம்பு மருந்தையே எதிர்க்குதுன்னு டாக்டர் சொல்றாரு. நம்ம மருந்துல ஏதாச்சும் கோளாறாண்ணே?"

சொல்லியிருந்தால் மாலையே நீராவி. ஒரு பக்கம் ஒரு தம்பி, மறுபக்கம் கோடிக்கணக்கில் என் பிள்ளைகள். இதற்கு எந்த வியாபாரியும் தராசு தேடமாட்டான். "குறையே இல்லம்மா" என்று அதே தொட்டியின் குப்பி ஒன்றை என் கையாலேயே கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்ததால் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தேன்.

இரண்டாம் நாள் அவன் இறந்தான். பிற ஊர்களில் இன்னும் ஏழு பேர் என்று நீங்கள் விசாரணைக்கு வந்துதான் சொன்னீர்கள். மறுக்கவில்லை, எட்டு என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நேற்று வால்வைத் திறந்தவர்கள் நீங்கள். அந்தக் கோடிகள் உங்கள் பக்கம். என் பக்கம் எட்டுதான்.