ஞாயிறு காலை பத்து மணி ஆட்டம்

வாலிபால் பார்க்கச் சனிக்கிழமை மாலை ஆறு மணியைவிட நல்ல நேரம் கிடையாது. வெயில் தாழ்ந்திருக்கும். மறுநாள் லீவு, பிள்ளைகளைப் படி படி என்று யாரும் விரட்ட மாட்டார்கள். கேலரிக்குப் பின்னால் சுண்டல் வண்டி வந்து நிற்கும். ஆவடியில் முப்பத்து மூன்று வருடம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவன் நான், எனக்கு இது தெரியாமலா இருக்கும்? சண்முகசுந்தரம் சார், கமிட்டியில் நீங்கள் எனக்காகப் பரிந்து பேசியதாகக் கேள்விப்பட்டேன். "ரகுநாதனுக்கு வயசாயிடுச்சு, அட்டவணை போடுறதுல ஏதோ தடுமாறிட்டார்" என்றீர்களாம். உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. ஆனால் நான் தடுமாறவில்லை.

நம் வாலிபால் லீக்கின் தலைவர் என்ற முறையில் நீங்கள் செயலாளரான எனக்கு அனுப்பிய கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. போன வருடம் வாரத்தின் முக்கியமான ஆட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏன் மாற்றினேன்? சீசன் டிக்கெட் வாங்கிய குடும்பங்களில் பாதிக்கு மேல் இந்த வருடம் ஏன் திரும்பி வரவில்லை? இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீராமை உங்களுக்குத் தெரியும். மண்ணூர்பேட்டைப் பையன், வால்வு செய்கிற கம்பெனி அணியின் செட்டர். நம் கூட்டத்தில் பாதிப் பேர் அவன் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற அழகைப் பார்க்கத்தான் வந்தார்கள். அவன் எட்டு வருடம் என் மாப்பிள்ளையாக இருந்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஏன் பிரிந்தார்கள் என்று நீங்கள் என்றுமே கேட்டதில்லை, அது உங்கள் பெருந்தன்மை. பெரிதாக ஒன்றுமில்லை. அவன் குடிக்க மாட்டான், கை நீட்டியதில்லை. என் மகள் ஷோபனாவுக்கும் அவனுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். பேத்தி ரோஷினிக்கு அப்போது ஐந்து வயது. தாயும் பிள்ளையும் அம்பத்தூர் ஃபிளாட்டில் எங்களோடு வந்து இருந்தார்கள்.

வழக்கு முடிய இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடமும் ரோஷினி என் குழந்தை. ஷோபனா ஆபீஸ் விட்டு வர எட்டு மணி ஆகும். தலை பின்னிவிட்டது நான், வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது நான், காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது நான். என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு உலகத்தில் ஓர் இடம் வேண்டும். எனக்கு அது கிடைத்திருந்தது.

தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, எங்கள் ஃபிளாட்டுக்கு எதிரே உள்ள பூங்காவில், தகப்பன் குழந்தையைப் பார்க்கலாம். ஷோபனா மறுக்கவே இல்லை. "எனக்கும் அவருக்கும்தாம்பா சரியா வரல, அவளுக்கு அப்பா வேணும்" என்றாள். நானும் தலையாட்டினேன். நியாயமான வார்த்தை.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அவன் ஒரு ஞாயிறு தவறவில்லை. ரோஷினி ஏழு மணிக்கே எழுந்து, மஞ்சள் கவுனை மாட்டிக்கொண்டு, "மணி என்ன, மணி என்ன" என்று வீட்டையே ஓர் உலுக்கு உலுக்குவாள். பன்னிரண்டு மணிக்கு வாயெல்லாம் ஐஸ் கறையோடு வருவாள். அன்று முழுக்க "அப்பா சொன்னாரு" தான். ஒரு வாரம், இன்றைக்கு என்னம்மா விளையாடினீர்கள் என்று கேட்டேன். "அது எனக்கும் அப்பாவுக்கும் சீக்ரெட், தாத்தா" என்றாள். நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பித்தமாக இருக்கும் என்று என் மனைவி பத்மா மோர் கலக்கிக் கொடுத்தாள்.

டிசம்பர் கடைசியில் சீசன் டிக்கெட் குடும்பங்களுக்கு ஒரு படிவம் கொடுத்தேன். 'உங்கள் குடும்பத்துக்கு எந்த நேரம் வசதி?' என்று கேட்டு நான்கு கட்டங்கள். இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் திரும்பி வந்தன. பெரும்பாலானோர் ஞாயிறு காலை பத்து மணியைக் கேட்கிறார்கள் என்று கூட்டத்தில் படித்தேன். அதற்குக் 'குடும்ப நேரம்' என்று பெயரும் வைத்தேன். எல்லாரும் பார்க்க விரும்புவது வால்வு கம்பெனி அணியைத்தான், எனவே குடும்ப நேரத்தில் வாராவாரம் அவர்கள்தான் ஆடவேண்டும் என்றேன். நீங்கள் கைதட்டினீர்கள். பதினான்கு வாரம், பதினான்கு ஞாயிறு. தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருந்தவன் நான். ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு, எந்த ஆள் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருப்பான் என்று முடிவு செய்வதுதான் என் பிழைப்பாக இருந்தது.

அவன் ஆட்டத்தைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. ஆடுகிறான் என்பதற்காகத்தான் கம்பெனி அவனுக்கு வேலையே கொடுத்திருந்தது. இரண்டு ஆட்டம் வராவிட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள்.

முதல் வாரமே குவார்ட்டர்ஸ் ரேணுகா என்னைப் பிடித்துக்கொண்டாள். நான்கு பேர் குடும்ப டிக்கெட்டை எப்போதும் முதல் ஆளாக வந்து வாங்குகிறவள்.

"இன்னா சார் இது, ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு ஆட்டம் வச்சா கறிக்கடைல யாரு போய் நிக்கிறது, ஊட்ல யாரு ஆக்குறது? எந்தக் குடும்பம் சார் உங்கள இந்த டைம் கேட்டுச்சு?"

"படிவத்துல நிறைய பேர் கேட்டிருக்காங்கம்மா."

"நானும் தான் எழுதிக் குடுத்தேன். எங்க லைன்ல அத்தினி பேரும் சனிக்கெழமன்னுதான் டிக் போட்டோம். மாத்தி எண்ணிட்டீங்களா?"

வெயில் நேரே முகத்தில் அடிக்கிற அந்தக் கேலரியில் அன்று அறுபது பேர் இருந்திருப்பார்கள். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று அவளிடம் சொன்னேன்.

மூன்றாவது வாரம் ஸ்ரீராம் வந்தான். ஆட்டம் ஐந்து செட் போய், மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. விவாகரத்து ஆன பிறகும் அவன் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான்.

"மாமா, எங்க ஆட்டத்த மட்டும் சாயங்காலம் போடுங்க. இல்லாங்காட்டி காலீல ஏழு மணிக்குப் போடுங்க. கொயந்த அங்க வந்து குந்திகினு கீது மாமா."

"இருநூறு குடும்பத்தைக் கேட்டு வச்ச நேரம் ஸ்ரீராம். ஒருத்தருக்காக எப்படி மாத்துறது?"

பனியன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்போ ஷோபனாகிட்டயாவது சொல்லுங்க மாமா. நான் பேசினா சண்டையாப் பூடும். ஞாயித்துக்கெழம சாயங்காலமா பாத்துக்கறேன்னு சொல்லுங்க. அவ சரின்னா வக்கீல்கிட்ட எழுதிக் குடுத்துடலாம்."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. ஷோபனா உடனே சரி என்றிருப்பாள், அது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவன் வந்து கேட்டபோது, "யோசிச்சுச் சொல்றேங்கிறா" என்றேன். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னேன். வீட்டில் ஷோபனா, "மேட்ச்தாம்பா அவருக்கு முக்கியம், பெத்த பொண்ணு இல்ல" என்று கசந்து சொல்லும்போது நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

பூங்காவுக்குக் குழந்தையை அழைத்துப் போனது பத்மா. ஊஞ்சல் காலியாக இருந்தாலும் ரோஷினி ஏற மாட்டாளாம். ஊஞ்சல் வாசலுக்கு முதுகு காட்டி இருக்கிறது, ஆடினால் அப்பா வருவது தெரியாது என்பாளாம். வாசலைப் பார்த்த சிமெண்டு பெஞ்சில் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். இதைச் சொல்லும்போது பத்மா அழுதாள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் நான் மைதானத்தில் ஸ்கோர் மேஜையில் இருப்பேன். ஒவ்வொரு செட்டும் இழுக்க இழுக்க என் மனசு நிம்மதியாகும்.

ஆறாவது வாரம் ஆட்டம் மூன்றே செட்டில் முடிந்துவிட்டது. அவன் சட்டைகூட மாற்றாமல் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். பதினொன்றே முக்காலுக்குப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். கால் மணி நேரம். அன்று முழுக்க வீட்டில் மறுபடியும் "அப்பா சொன்னாரு."

அடுத்த வாரம் ஒரு புதிய ஏற்பாடு கொண்டுவந்தேன், உங்களுக்கு நினைவிருக்கும். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் அரை மணி நேரம் சீசன் டிக்கெட் குடும்பங்களோடு இருக்கவேண்டும், பிள்ளைகளுக்குப் பந்தில் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும், படம் எடுத்துக்கொள்ளவேண்டும். நல்ல யோசனை என்றீர்கள். வந்திருந்த சில குடும்பங்களுக்கு அது பிடித்தும் இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஸ்ரீராமிடம்தான் ஓடின. அவனும் முகம் சுளிக்காமல் ஒவ்வொரு பிள்ளையாகத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நின்றான். கண் மட்டும் மைதானத்துக் கடிகாரத்தில் இருந்தது.

இனி எழுதுவதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அந்தப் படங்களில் ஒன்றை நான் ரோஷினியிடம் காட்டினேன். ரேணுகாவின் மகளை அவன் தோளில் வைத்திருந்த படம். அப்பா ஏன் வரவில்லை என்று குழந்தை கேட்டாள், பதில் சொல்லவேண்டாமா? "அப்பாவுக்கு வேலைம்மா, பாரு" என்று போனை நீட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது யாரு தாத்தா?"

"அங்க வர்ற ஒரு பாப்பா."

"இந்தப் பாப்பாகூட ஒவ்வொரு வாரமும் விளையாடுவாரா?"

ஆமாம் என்றேன்.

அவள் அழவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போய் மஞ்சள் கவுனைக் கழற்றிவிட்டு வந்தாள். அடுத்த ஞாயிறு எட்டு மணி வரை தூங்கினாள். பூங்காவுக்குப் போகலாமா என்று பத்மா கேட்டதற்கு, வேண்டாம் என்றாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டிவி பார்த்தாள். எத்தனையோ மாதம் கழித்து அன்றுதான் என் சட்டை நுனியைப் பிடித்தாள். அன்று எனக்கிருந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது.

சீசன் முடிந்தபின், அவன் பார்க்க வருவதே இல்லை என்று ஷோபனா கோர்ட்டில் மனுப் போட்டாள். நீதிபதி ரோஷினியைத் தனியே அழைத்து, அப்பாவைப் பார்க்க ஆசையா என்று கேட்டாராம். "அவருக்கு மேட்ச் இருக்கும்" என்று மட்டும் சொன்னாளாம். அதைக் கேட்டபிறகு ஸ்ரீராம் வாதாடவில்லை. வடக்கே ஏதோ ஓர் அணியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போகும்முன் ஸ்கோர் மேஜைக்கு வந்தான். "எம்மேல தப்பு மாமா, ஆட்டத்த உட்டுட்டு வந்திருக்கணும். கொயந்தய நல்லா பாத்துக்கோங்க" என்று சொல்லி, என் காலைத் தொட்டுவிட்டுப் போனான். நான் அவனை ஆசீர்வாதம் செய்தேன். அதுவும் செய்தேன்.

இந்தக் கடிதத்தோடு இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்களையும் வைத்திருக்கிறேன். எண்ணிப் பாருங்கள். ஞாயிறு காலை பத்து மணி என்று கேட்ட குடும்பங்கள் ஒன்பது. சனிக்கிழமை மாலை கேட்டவர்கள் நூற்று எழுபத்தொன்று. ரேணுகா சரியாகத்தான் சொன்னாள். இந்த வருடம் அவசியம் இல்லாமல் போனதால் நானே சனிக்கிழமை மாலைக்கு மாற்றிவிட்டேன். அப்படியும் குடும்பங்கள் வரவில்லை. பார்க்க ஸ்ரீராம் இல்லையே.

ரோஷினிக்கு இப்போது எட்டு வயது. நன்றாகப் படிக்கிறாள். எதையும் கேட்டு அடம்பிடிப்பதில்லை. போன சனிக்கிழமை ஆட்டத்துக்கு வருகிறாயா என்று கேட்டேன். "வேணாம் தாத்தா, உங்களுக்கு அங்க வேலை இருக்கும். நான் இருந்துக்கறேன்" என்றாள். இருட்டிய பின் வீடு திரும்பினேன். தனியே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். கதவு திறந்த சத்தத்துக்கு அவள் நிமிரவில்லை. சமத்தான குழந்தை என்று பக்கத்து ஃபிளாட்டில் எல்லாரும் சொல்கிறார்கள்.

செயலாளர் பதவியை ராஜினாமா செய்கிறேன். கமிட்டி என்ன நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம். படிவங்களை எல்லார் முன்னாலும் படியுங்கள், நான் பொய் சொன்னேன் என்று மைதானத்தில் ஒட்டிவையுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பத்து மணி ஆட்டத்தின் காரணம் மட்டும் ஷோபனாவுக்கும் ரோஷினிக்கும் தெரியவேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை சார், குழந்தைக்காகக் கேட்கிறேன். அவளுக்கு இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?