நினைவூட்டுக் கடிதம்

“ஹலோ... அண்ணே, நான்தான், கிளை நூலகத்துல இருந்து. நூலக வண்டிய நிறுத்தாதீங்க... ஆமா, ஆமா, ஓட்டிக்கிட்டே கேளுங்க. பாப்பாவும் அவ அம்மாவும் பின்னாடி புத்தக அடுக்குக்கு நடுவுலதானே இருக்காங்க?... அப்பாடா.

“என்ன சத்தமா?... அவன்தான், பாப்பாவோட அப்பன். முன்வாசல் கண்ணாடி, மேஜை எல்லாம் சுக்குநூறு. ‘ரெண்டு பேரையும் கொன்னுருவேன்’னு கத்திக்கிட்டு உள்ரூம் கதவ கடப்பாரையால இடிக்கிறான்... நான் உள்ளதான் இருக்கேன். ரெண்டு பீரோவ நகத்தி முட்டுக் குடுத்திருக்கேன். நீங்க பின்பக்கமா அவங்கள ஏத்திக்கிட்டுப் போனத அவன் பாக்கல.

“எப்படி வந்தானா?... எல்லாம் என்னாலதாண்ணே. ‘வீடு இல்லாதவங்களுக்கும் புத்தகம் தருவீங்களா?’ன்னு பாப்பா முதல் நாள் கேட்டாளே... ஆமா, நீங்ககூட சிரிச்சீங்க. தரேன்னு சொல்லியிருக்கலாம். விலாசம் இல்லாம அட்டை கிடையாதுன்னு சட்டம் பேசினேன். பாவம், அவன்கிட்ட இருந்து தப்பிச்சு வந்த பழைய வீட்டு விலாசத்தச் சொல்லுச்சு. போன வாரம் புத்தகம் திருப்பிக் குடுக்குற கெடு தாண்டுச்சு, பழக்கதோஷத்துல நினைவூட்டுக் கடிதம் போட்டுட்டேன். நம்ம கிளை முத்திரையோட. நேரா அவன் கைக்குப் போயிருச்சு.

“...ஐயோ! ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. கதவுப் பலகை தெறிச்சு நெத்தியில... ரத்தம்தான், விடுங்க.

“பாப்பா, அழாதடா! அம்மா கையப் புடிச்சுக்கோ!

“...இல்லண்ணே, பதறாதீங்க. இங்க யாருமில்ல. அவன் காதுல விழணும்னுதான் கத்தினேன். அவங்க இங்க இருக்காங்கன்னு நினைக்கிற வரைக்கும் நகர மாட்டான். வெளிய வந்தான்னா பைக்குல பத்தே நிமிஷத்துல உங்களப் புடிச்சிருவான். உங்க வண்டி வேகம்தான் ஊருக்கே தெரியுமே!

“போலீசா?... சொல்லியாச்சு. அரைமணி ஆகுமாம்... வேணாம்! திரும்பி வந்தீங்க, ஜென்மத்துக்கும் உங்ககூடப் பேசமாட்டேன். தலைமை நூலகத்துல கேட்டத் திறந்து வெச்சிருக்காங்க. நேரா அங்க போங்க. கடவுள் இருக்காரு.

“யாரு, பாப்பாவா? என்ன கேக்குறா?... புத்தகமா? அவளே வெச்சுக்கட்டும். வந்துருச்சுன்னு நான் எழுதிக்கறேன்... அண்ணே?... ஹலோ?... ஹலோ?”

வெளியே அவன் தொலைபேசி வயரைப் பிடுங்கி எறிந்திருந்தான். அடுத்த இடியில் கடப்பாரை முனை கதவைத் துளைத்துக்கொண்டு பீரோவில் மோதியது. நூலகர் பீரோவுக்குத் தன் தோளை முட்டுக் கொடுத்தாள். அறையில் அவளைத் தவிர ஒருவருமில்லை. நெற்றி ரத்தம் கண்ணில் இறங்க, வெறும் மூலையைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

“அம்மாவுக்குப் பின்னாடி நின்னுக்கோ பாப்பா. அக்கா இருக்கேன்.”