வாசல் காவலாளியின் முகம்

பழைய கணினி விளையாட்டு ஒன்றைப் பார்க்க வடிவாக்குவதென்றால் முதலில் வானத்தில்தான் கை வைக்க வேண்டும், அக்கா. அனுபவமில்லாதவர்கள் எடுத்த உடனே முகங்களுக்குப் போய்விடுவார்கள். அது பிழை. வெளிச்சம் சரியில்லாத இடத்தில் எந்த முகமும் பிணத்தின் முகம்போலத்தான் தெரியும்.

நீங்கள் கேட்டது வேறு கேள்வி என்று தெரியும். செத்தவீட்டுக்கு வர முடியாமல் போய், வருடம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்காவது நிற்க வேண்டுமென்று கனடாவிலிருந்து வந்திருக்கிறீர்கள். பெட்டியைக்கூடத் திறக்காமல், சுவரில் மாலை போட்டிருக்கிற தம்பியின் படத்தையும் உங்கள் போனில் இருக்கிற படத்தையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். பிறகு என்னை இந்தக் கிணற்றடிக்குக் கூட்டி வந்து, "பிரவீணன், கஜீபன்ரை குரலாவது உன்னட்டை இருக்கோ?" என்று கேட்டீர்கள். சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் நான் செய்ததில் ஒரு நியாயம் இருப்பது உங்களுக்கு விளங்கும்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். கோப்பாயிலும் சுற்றுவட்டாரத்திலும் யார் செத்தாலும் படம் எங்கள் ஸ்ரூடியோவுக்குத்தான் வரும். அஞ்சலிப் பதாகைக்கு ஒரு படம், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கிற கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்தின் முன்பக்கத்துக்கு ஒரு படம். கொண்டுவருவது பெரும்பாலும் மங்கிப்போன அடையாள அட்டைப் படமாக இருக்கும். வாழ்நாள் முழுக்க வெறும் மேலோடு தோட்டத்தில் நின்றவருக்கு நான் கோட்டும் கழுத்துக்கு ரையும் போட்டு விடுவேன். ஒட்டிய கன்னத்தை நிரப்புவேன். ஒரு முதியவருக்கு வேறு ஒருவரின் கண்களையே வைத்திருக்கிறேன், வந்த படத்தில் அவர் கண்ணை மூடியிருந்தபடியால். அவருடைய மனைவி அதைப் பார்த்துவிட்டு, "அப்பிடியே இவர்தான்" என்று அழுதார். பார்க்கிறவர் நம்ப விரும்பினால் எங்களுடைய பாதி வேலை முடிந்துவிடும்.

கஜீபன் விளையாடியது பதினைந்து வருடம் பழைய விளையாட்டு. வாள், மந்திரம், கோட்டைகள். நினைத்த இடத்துக்கு நடந்து போகலாம், எதிர்ப்படுகிறவர்களோடு கதைக்கலாம். எங்கள் வீட்டுக் கணினி அதைத்தான் தாங்கும். இப்படியான விளையாட்டுகளுக்கு ரசிகர்கள் தாங்களே திருத்தக் கோப்புகள் செய்து இணையத்தில் இலவசமாகப் போடுவார்கள். மொட் என்பார்கள். புல்லை மாற்ற ஒன்று, தண்ணீரை மாற்ற ஒன்று, தோலை மாற்ற ஒன்று என்று கணக்கில்லாமல் கிடக்கும். கஜீபனும் பகிடிக்கு ஒன்று செய்தான். ஒரு நகரத்தின் வாசலில் நிற்கிற காவலாளிக்குத் தன் முகத்தை ஒட்டி, தன் குரலையும் பதிந்து வைத்தான். கிட்டப் போனால் அந்தக் காவலாளி இரும்புத் தொப்பியோடு நின்று, "வாங்கோ, சாப்பிட்டாச்சோ?" என்று கேட்பான். எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு யார் வந்தாலும் தம்பி கேட்பது அதுதானே.

மாரி மழையோடு வந்த டெங்குக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது. அந்தியேட்டியன்று கீரிமலையில் கிரியை முடித்து வந்து, சனமெல்லாம் கலைந்த பிறகும் அம்மா சோற்றைத் தொடவில்லை. நான்தான் அவரைக் கணினிக்கு முன்னால் இருத்தி, அந்த வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதையும் நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். காவலாளி கேட்டான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். பிறகு, "இல்லை ராசா, இனித்தான்" என்றார். அன்று சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் தானாகவே பழகிவிட்டார். முன்னுக்கு நடக்கிற பொத்தானில், நீங்கள் விட்டுவிட்டுப் போன ஒட்டுப்பொட்டு ஒன்றை அடையாளத்துக்கு ஒட்டி வைத்தார். பின்னேரம் சாமிக்கு விளக்கு வைத்ததும் போய் இருந்துவிடுவார். கிணற்று மோட்டர் பழுதானது, பக்கத்து வளவில் ஆடு குட்டி போட்டது எல்லாவற்றையும் அந்தக் காவலாளிக்குச் சொல்லுவார். நான் வேலையால் வருவேன். எனக்குச் சோறு போட்டு மூடிக் கிடக்கும். அம்மா என் பக்கம் திரும்பமாட்டார். சாப்பிட்டியா என்று ஒரு சொல் கேட்கமாட்டார்.

மொட் போடுவதில் ஒரு விதி இருக்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு கோப்புகள் இருந்தால், பின்னால் ஏறுவது முன்னால் ஏறியதை மூடிவிடும். தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். அந்த விதியை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் உயிரோடு இருக்கும்போது பொறாமை இருந்தது, பொறுத்துக்கொண்டேன். செத்த பிறகும் அவனே முன்னால் நின்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆனாலும் நல்ல மனதோடுதான் தொடங்கினேன். அம்மா கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்ப்பதைக் கண்டு, "தம்பியை இன்னும் தெளிவாக்கித் தரட்டே?" என்று கேட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "ஏலுமே?" என்றார்.

வானத்தை மாற்றினேன். பிறகு வெயில், புல், அகழித் தண்ணீர். மொட் தெரிந்தெடுப்பது பொறுமையான வேலை. சில மொட்கள் எல்லாவற்றையும் கலியாண அல்பம்போல மினுக்கிவிடும், சில மொட்கள் கணினியை மூச்சுவாங்க வைக்கும். ஒவ்வொன்றாகப் போட்டு, அந்த வாசலுக்கு நடந்து போய்ப் பார்த்து, பிடிக்காததைக் கழற்றினேன். வெயிலுக்கு ஒன்று சரியாக அமைந்தது. "உது எங்கடை ஒழுங்கையிலை விழுற வெயில் மாதிரியெல்லோ கிடக்கு" என்று அம்மா அதிசயப்பட்டார். அந்தக் கிழமைகளில் அவர் என்னோடு நிறையக் கதைத்தார்.

பிறகுதான் முகம். தம்பி ஒட்டியிருந்தது சின்னப் படம், பெருப்பித்தால் உடைந்துவிடும். இல்லாத இடத்தை எதையாவது வைத்து நிரப்பத்தான் வேண்டும். அவனுக்கு மிகக் கிட்டின எலும்பு என்னுடையது. என் தொழிலில் இருக்கிற யாரும் அதைத்தான் செய்வார்கள். முதலில் என் மூக்கின் நுனி. பிறகு புருவம், பிறகு தாடை. ஒரேயடியாக மாற்றவில்லை, கண் பழகப் பழக மாற்றினேன்.

"மூக்கு ஒரு மாதிரிக் கிடக்கு, பிரவீணன்" என்றார் அம்மா.

"தெளிவானால் அப்பிடித்தான் அம்மா தெரியும். முந்தி மங்கலிலை உங்களுக்கு விளங்கேல்லை."

அவர் எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். ஆகவே, சுவரில் இருந்த படத்தையும் திருத்த வேண்டி வந்தது. ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கிறதென்று சொல்லிக் கழற்றிக்கொண்டு போய், புதிதாக அடித்துக் கொண்டுவந்து மாட்டினேன். அடுத்த முறை அம்மா இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அவர் படத்துக்குக் கீழே நிலத்தில் இருந்துவிட்டார். "பெத்த எனக்கே என்ரை பிள்ளையின்ரை முகம் மறந்துபோச்சே" என்று அழுதார். நானும் பக்கத்தில் இருந்தேன். "வயசு போனால் அப்பிடித்தான் அம்மா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதை உங்களிடம் மறைத்து என்ன செய்ய.

எதையும் திருத்துவதற்கு முதல் மூலக் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து வைக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் வைக்கவில்லை. பழைய அல்பங்களை ஸ்கான் பண்ண என்று கொண்டுபோனேன், திருப்பிக் கொண்டுவரவில்லை. தம்பியின் போனை முழுதாகத் துடைத்தேன். உங்கள் போனை மாற்றியபோது அவனுடைய குரல்பதிவுகள் எல்லாம் அழிந்துவிட்டன என்று நீங்கள் அங்கிருந்து அழுதீர்களே, அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது. இந்த ஒரு படம் உங்களிடம் மிஞ்சியிருப்பது எனக்குத் தெரியாது.

வானத்துக்குக் காரணம் சொல்லலாம். முகத்துக்கும் ஏதோ சொல்லிவிட்டேன். குரலுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. குரலில் மங்கல் எதுவும் இருக்கவில்லை.

ஸ்ரூடியோவில் ஆளில்லாத ஒரு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, "வாங்கோ, சாப்பிட்டாச்சோ?" என்று பதிந்தேன். பல தடவை பதிந்து, நல்லதொன்றை எடுத்தேன். எங்கள் இரண்டு பேருடைய குரலும் போனில் ஒன்றுபோல இருக்கும், நீங்களே எத்தனை தரம் மாறிக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவனுடையதை அழிப்பதற்கு முன்னர் ஒருமுறை போட்டுக் கேட்டேன். சொல்லி முடிக்கும்போது அவன் லேசாகச் சிரிக்கிறான். பின்னால் குசினி அடுப்படியில் இருந்து அம்மா, "ஆரோடை கதைக்கிறாய்?" என்று கேட்பதும் விழுந்திருக்கிறது. அதை நான் முன்னர் கவனித்ததில்லை. அழித்துவிட்டேன். இல்லை அக்கா, அவன் குரல் என்னிடம் இல்லை. இனி எங்கேயும் இல்லை.

நேற்றுப் பின்னேரம் நீங்கள் வந்துகொண்டிருக்கும்போது, நான் வேலையால் வந்து அறை வாசலில் நின்றேன். அம்மா வழமைபோலக் காவலாளியோடு இருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். அவருடைய முகம் அப்படி மலர்ந்து நான் என் வாழ்நாளில் கண்டதில்லை.

"கஜீபன்" என்றார். "அண்ணை வந்திட்டானே? ஒவ்வொரு நாளும் உன்னட்டைத்தானே கேக்கச் சொல்லுறன். நான் கேட்டால் அவன் எரிஞ்சு விழுறான், எனக்குப் பயமாக் கிடக்கு. நீ போன நாளிலையிருந்து பிள்ளை ஒழுங்காச் சாப்பிடுறதில்லை. சாப்பிட்டானோ எண்டு ஒருக்காக் கேளடா, ராசா."

நான் எரிந்து விழுந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அம்மாவுக்கு இப்போது மறதி கூடிவிட்டது, நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

"ஓம் அம்மா, அண்ணை சாப்பிட்டிட்டார்" என்றேன். கடைசியில் அவனைப்போல லேசாகச் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அம்மா நிம்மதியாகத் திரும்பி இருந்தார். மூடிக் கிடந்த சோறு காலையிலும் அப்படியே கிடந்தது.

இவ்வளவும்தான். திவசத்துக்கு நல்ல படம் ஒன்று வேண்டும். உங்கள் போனில் இருக்கிறதை எனக்கு அனுப்பிவிடுங்கள், அக்கா. கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. நான் தெளிவாக்கித் தருகிறேன்.